கோதுமையை நிறுத்திய பிறகும் அரிப்பும் வாய்ப்புண்ணுமா?

கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்று அதை விட்டு மூன்று வாரம் ஆகிறது, முழங்கைக் கொப்புளம் அப்படியே இருக்கிறது, வாயில் புண் வந்து வந்து போகிறது என்று சொல்லிப் பாருங்கள், "உள்ளே இருக்கிற கழிவு வெளியேறுது, பயப்படாதீங்க" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். எனக்கும் சொன்னார்கள், நானும் நம்பி இரண்டு மாதம் சொறிந்துகொண்டிருந்தேன். உண்மையில் எதுவும் வெளியேறவில்லை, கோதுமை உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது.

நாங்கள் இருப்பது சேலம் அம்மாப்பேட்டையில். சர்க்கரைக்குப் பயந்து இரவு சாப்பிட்டுவந்த சப்பாத்தியை விட்டேன், ரவை, சேமியா, பரோட்டா எல்லாம் போச்சு. மால்ட் கலந்த சத்துப் பானத்தைக்கூட விட்டேன், அது பார்லி, கோதுமையில் தொல்லை தரும் குளுட்டன் என்ற புரதம் அதிலும் உண்டு. மாட்டிக்கொண்டது ரசத்தில்! கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ சேர்ந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் படித்தால்தான் தெரியும். அதைவிடப் பெரிய திருடன் மாவு மிஷின். எனக்கு முன்னால் நின்றவர் கோதுமை அரைத்துப் போன அதே மிஷினில் என் ராகியைக் கொட்டினால், முதலில் விழுவது அவர் வீட்டு மாவுதான். 'குளுட்டன் இல்லாதது' என்று அச்சிட நம் நாட்டு விதிப்படி ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளுட்டன் இருக்கக் கூடாது. ஒரு சிட்டிகைக் கோதுமை மாவே அந்தக் கணக்கைத் தாண்டிவிடக்கூடும், இங்கே விழுவதோ கைப்பிடி. (ஜவ்வரிசிக்குப் பயப்பட வேண்டாம், நம்மூர் ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கில் செய்வது.)

இதற்கும் முன்னால் செய்த தவறு ஒன்று உண்டு. பரிசோதனைக்குப் போகாமலே கோதுமையை நிறுத்தியது. குளுட்டனால் குடல் கெடும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் சரியாகக் காட்டும். தோலுக்கும் அப்படித்தான், முழங்கை, முழங்கால், பிட்டம் என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும் கொப்புளம் குளுட்டனால் வந்ததா என்று பார்க்க, புண்ணை ஒட்டிய நல்ல தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். அரிப்பதெல்லாம் குளுட்டன் இல்லை, இரவில் பிடுங்கும் சிரங்காகவும் இருக்கலாம், ஏற்காட்டு மார்கழிக் குளிரில் உதடு வெடிப்பதற்குக் கோதுமை என்ன செய்யும்?

குளுட்டன்தான் என்று உறுதியானாலும் தோல் உடனே அடங்காது. உணவில் கவனமாக இருந்தாலும் மாதக்கணக்கில் இழுக்கும், சிலருக்கு இரண்டு வருடம்வரை. அதுவரை தாங்குவதற்கு டாக்டர் டாப்சோன் மாத்திரை தரலாம், அரிப்பு சில நாளிலேயே நிற்கும், அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள், சரியாகிவிட்டது என்று பரோட்டா கடைக்குப் போய்விடுகிறார்கள். மாத்திரை தோலைத்தான் பார்க்கும், குடலைப் பார்க்காது. இதைக் கடையில் தானாக வாங்கிப் போடவும் கூடாது, சிலருக்குச் சிவப்பணுக்கள் உடையும் என்பதால் முதலில் ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி) பரிசோதனை செய்வார்கள்.

சோப்பு, ஷாம்பு பட்டியலைத் துருவுவது வீண் வேலை, குளுட்டன் தோல் வழியாக ஊறிப் போகாது. லிப்ஸ்டிக் வேறு விஷயம், அது வயிற்றுக்குள் போகும்.

அப்புறம் வாய். மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் எரிச்சலுக்கு இதம்தான், நானும் குடிக்கிறேன். ஆனால் குடல் கெட்டிருந்தால் இரும்புச்சத்து, ஃபோலேட், பி12 சரியாகச் சேராது, புண்ணும் உதட்டோர வெடிப்பும் அதனாலும் வரலாம், அதற்கு ரத்தம் பார்த்து மருந்து எடுக்க வேண்டும். நுரை பொங்கும் டூத்பேஸ்டில் உள்ள சோடியம் லாரைல் சல்ஃபேட் சிலருக்குப் புண்ணைக் கிளப்பும், அது இல்லாததற்கு மாறிப் பாருங்கள். ஆறும்வரை தட்டுவடை செட்டுக்கும் அந்தக் காரச் சட்னிக்கும் விடுமுறை, இதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மூன்று வாரம் தாண்டியும் ஒரே இடத்தில் ஆறாத புண் இருந்தால் உணவைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள், பாக்கு, புகையிலை போடுகிறவர்கள் மறுநாளே.

இப்போது வீட்டில் கட்டிப் பெருங்காயமும் வாங்குவதில்லை, அதிலும் மாவு கலக்கிறார்கள். பூண்டு கொஞ்சம் தூக்கலாகத் தட்டிப் போட்டால் ரசம் ரசமாகத்தான் இருக்கிறது. ராகியைக் கழுவிக் காயவைத்து மிக்ஸியில் அரைத்துச் சலிக்கிறேன், மாவு கொஞ்சம் கொரகொரப்பு, களிக்கு அது போதும்.