கடலோர ஊரில் கிராண்ட் பியானோ: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் சர்ச் கொயரில் கீபோர்டில் ஆரம்பித்து, பியானோ கிரேடு தேர்வுகள் வரை போகிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கிரேடு 5 தாண்டியதும் வீட்டில் கிராண்ட் பியானோ, அதாவது கம்பிகள் படுக்கையாக இருக்கும் பெரிய பியானோ, வாங்கும் பேச்சு எழுகிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் அப்பா பணம் அனுப்பத் தயாராக இருப்பார், முன்னறையில் இடமும் இருக்கும். நல்ல ஆசைதான், நிறைவேற வேண்டிய ஆசையும்கூட. ஆனால் பெரும்பாலானோர் நேரே கடைக்குப் போய்விடுகிறார்கள். பியானோ நிற்கப்போகும் அறையை முதலில் பார்ப்பவர்கள் குறைவு.

நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனி ஆடியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் இன்னொன்று. பியானோவுக்கோ அறையின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள், அதிகம் ஏறி இறங்காமல் இருக்க வேண்டும். மழை நாளில் இங்கே அது 80-ஐத் தாண்டுவது சாதாரணம். கம்பிகளுக்கு அடியில் இருக்கும் சவுண்ட்போர்டு, ஒரு சென்டிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத ஸ்புரூஸ் மரப்பலகை. ஈரம் ஏறினால் அது உப்பும், கம்பிகள் இறுகிச் சுருதி கூடும். காய்ந்தால் பலகை சுருங்கும், சுருதி இறங்கும். அதே ஈரம் உள்ளே, கம்பியைத் தட்டும் சின்னச் சுத்தியலான ஹாமர் அசையும் இணைப்புகளில் ஏறினால், அழுத்திய கீ மேலே வராமல் ஒட்டிக்கொள்ளும்.

இதற்கு ஏ.சி. போட்டால் போதும் என்று நினைப்பதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. பிள்ளை பயிற்சி செய்யும் ஒரு மணி நேரம் ஏ.சி. ஓடும், மீதி நேரம் ஜன்னல் திறந்து கிடக்கும், கடல்காற்று வரும். பலகை தினமும் சுருங்கி விரிந்துகொண்டே இருக்கும். ஒரே அளவு ஈரத்தில் விட்டிருந்தால்கூட பியானோ இவ்வளவு சீக்கிரம் கெடாது. சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் கிடைக்கிறது. பியானோ வாங்குவதற்கு முன்பே அதை அந்த அறையில் மாட்டி, ஒரு மழைக்காலம் முழுக்கப் பாருங்கள். எண் அதிகமாகத் துள்ளினால், கதவு ஜன்னலை அடைத்து வைக்கக்கூடிய வேறு அறையும், காற்றின் ஈரத்தைக் குறைக்கும் டீஹியூமிடிஃபயரும் பட்ஜெட்டில் சேர வேண்டும். குளச்சல், முட்டம் போல அலைச்சத்தம் கேட்கிற ஊர் என்றால் இதில் பேச்சே இல்லை. அங்கே காற்றில் உப்பும் சேர்ந்து வந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்.

அடுத்தது அளவு. கிராண்ட் என்ற பேருக்காக, கிடைப்பதில் சிறியதை வாங்கிவிடுகிறார்கள். மேடைக் கச்சேரிக்கான கிராண்ட் சுமார் 274 செ.மீ. நீளம், வீட்டுக்கு விற்கும் பேபி கிராண்ட் 150 செ.மீ. அளவில் இருக்கும். இரண்டிலும் 88 கீதான். ஆனால் சின்னதில் கீழ்ஸ்தாயிக் கம்பிகள் குட்டையாகிவிடுவதால், கனத்துக்காக அவற்றைத் தடிப்பாக்க வேண்டியிருக்கிறது. அதனால் இடக்கைச் சுரங்கள் தெளிவில்லாமல் குழம்பிக் கேட்கும். பணம் அந்த அளவுக்குத்தான் வரும் என்றால், 131 செ.மீ. உயரமுள்ள நல்ல அப்ரைட் பியானோ (கம்பிகள் செங்குத்தாக நிற்பது) வாங்குங்கள் என்றே நான் சொல்வேன். கிராண்டுதான் வேண்டும் என்றால் 170 செ.மீ.க்கு மேல் பாருங்கள்.

கிராண்ட் தேவைப்படுவதற்கு உண்மையான காரணம் அதன் இயக்கத்தில் இருக்கிறது. பிரெஞ்சுப் பியானோ தயாரிப்பாளர் செபாஸ்டியன் எரார்ட் உருவாக்கி, 1821-இல் காப்புரிமை பெறப்பட்ட அமைப்பினால், கிராண்டில் கீ முழுசாக மேலே வருவதற்கு முன்பே அதே சுரத்தை மறுபடி அடிக்க முடியும். சாதாரண அப்ரைட்டில் கீ ஏறக்குறைய முழுசாகத் திரும்பி வர வேண்டும். இடது பெடலும் வேறு. கிராண்டில் அதை மிதித்தால் கீபோர்டே லேசாகப் பக்கவாட்டில் நகர்ந்து, ஹாமர் மூன்று கம்பிகளில் இரண்டை மட்டும் தொடும். நாதத்தின் நிறமே மாறும். இந்த வித்தியாசம் விரலுக்குத் தேவைப்படுகிற கட்டத்துக்கு மாணவர் வந்துவிட்டாரா என்று டீச்சரிடம் கேளுங்கள். கடைக்குப் போகும்போது பிள்ளையையும் கூட்டிப்போங்கள். விற்பவர் வாசிக்க நீங்கள் கேட்டுத் தலையாட்டிவிட்டு வருவதில் பயனில்லை. பிள்ளை தன் தேர்வுப் பாடத்தை, மெதுவான பகுதியையும் சேர்த்து, அங்கே வாசிக்க வேண்டும். ஒவ்வொரு பியானோவிலும் மிக மெல்லிய சத்தம் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஓங்கி அடித்தால் எல்லாப் பியானோவும் நன்றாகத்தான் இருக்கும்.

ஜப்பானிலிருந்து வரும் பழைய பியானோக்கள் புதுக் கறுப்பு பாலிஷுடன் பளபளவென்று நிற்கும். பாலிஷைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். கம்பிகளில் பழுப்புப் புள்ளிகள், கம்பியை இறுக்கும் முளையான டியூனிங் பின்னைச் சுற்றி உள்ள சுருளில் துரு இருந்தால் கம்பி அறுகிற நாள் தூரத்தில் இல்லை. ஹாமரின் நுனியில் உள்ள ஃபெல்ட்டில் (அழுத்திய கம்பளி) கம்பி பதிந்த பள்ளம் ஆழமாக இருக்கிறதா பாருங்கள். பிறகு அடியில் குனிந்து சவுண்ட்போர்டில் விரிசல் தேடுங்கள். பின்கள் இறுக்கமாக நிற்கின்றனவா என்பதை, பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் டியூனர் மட்டும்தான் சாவி போட்டுத் திருப்பிச் சொல்ல முடியும். அவருக்குக் கூலி கொடுத்துக் கூட்டிப்போவது வீண் செலவு கிடையாது. கம்பிகள் எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 20 டன்; பின் பிடிக்காவிட்டால் எத்தனை முறை டியூன் செய்தாலும் நிற்காது. சீரியல் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், அதை வைத்துத் தயாரித்த வருடத்தைக் கண்டுபிடிக்கலாம்.

வாங்கும் முன் டியூனர் எங்கிருந்து வருவார் என்பதையும் பேசி முடித்துவிடுங்கள். சென்னையிலிருந்தோ திருவனந்தபுரத்திலிருந்தோ வர வேண்டியிருந்தால், பயணச் செலவும் சேரும். ஏற்றி வருவதற்கும் பழகிய ஆட்கள் வேண்டும். சுமார் 300 கிலோ எடை. கால்களைக் கழற்றி, பக்கவாட்டில் நிமிர்த்திப் பலகையில் கட்டித்தான் தூக்க வேண்டும். தெரு முடுக்கையும் வாசல் படியையும் அவர்கள் முன்கூட்டியே வந்து பார்க்கட்டும்.

வந்து இறங்கியதும் அன்றைக்கே டியூன் செய்ய வேண்டாம். மரம் அந்த அறைக்குப் பழக இரண்டு மூன்று வாரமாவது விட்டு, அப்புறம் டியூனரைக் கூப்பிடுங்கள். புதுப் பியானோ என்றால் முதல் வருடத்தில் மூன்று நான்கு முறை டியூன் செய்ய வேண்டிவரும், ஏனென்றால் புதுக் கம்பிகள் அதுவரை நீண்டுகொண்டேதான் இருக்கும்.