அணில் வாலே கப்போட கைப்பிடி

காஃபி கடைக்கு ஒரு விலங்கை லோகோவா வைக்கணும்னு யோசிக்கிறவங்களுக்கு ஒரு சின்ன டிப். பூனை, ஆந்தைன்னு எல்லாரும் வைக்கிறதையே வைக்காம நம்ம வீட்டு மதில்ல ஓடுற அணிலை எடுத்துப் பாருங்க, முதுகுல மூணு கோடு, பொசுபொசுன்னு ஒரு வால், இது ரெண்டும் போதும் பார்த்த உடனே அணில்னு சொல்லிடுவாங்க. அந்த வாலை அப்படியே வளைச்சு கப்போட கைப்பிடியா ஆக்கிட்டா விலங்கும் காஃபியும் ஒரே படத்துல வந்துரும், தனியா ஆவி, காஃபி கொட்டைன்னு எதையும் திணிக்க வேண்டாம்.

முதல்ல கருப்பு ஒரே கலர்ல வரைங்க. அதை 2 செ.மீ. ரப்பர் ஸ்டாம்பா செஞ்சு பிரவுன் பேப்பர் கவர்ல குத்திப் பாருங்க, நான் செஞ்சப்ப மூணு கோடும் மை ஒட்டி ஒரே பட்டையா போச்சு, நடுவுல இடைவெளியை டபுள் ஆக்கின பிறகுதான் தெளிவா விழுந்துச்சு. ஸ்கிரீன்ல அழகா தெரியுறதை மட்டும் நம்பிடாதீங்க ப்ளீஸ்.

அப்புறம் அதே அணிலுக்கு விதவிதமான மூட் (மனநிலை) குடுங்க. தூங்கி வழியுற முகம் காலை ஃபில்டர் காஃபிக்கு, கன்னம் உப்பின முகம் பஜ்ஜி பிளேட்டுக்கு, வால் தொங்கினா கடை மூடியாச்சு. குழந்தைங்க இதைத்தான் ஞாபகம் வச்சுக்கும்.

போர்டு அடிக்கிறதுக்கு முன்னாடி இதே மாதிரி லோகோவை வேற யாராவது பதிவு பண்ணியிருக்காங்களான்னு ஐபி இந்தியா (டிரேட்மார்க் பதிவு பண்ற அரசு அலுவலகம்) சைட்ல டிரேட்மார்க் 43-வது கிளாஸ்ல, அதாவது அந்த வகைப் பிரிவுல, தேடிப் பார்த்துருங்க, கஃபே ஹோட்டல் எல்லாம் அதுலதான் வரும், காஃபி பொடியும் பாக்கெட் போட்டு விக்கப் போறீங்கன்னா 30-லயும். டிசைனர்கிட்ட எஸ்விஜி ஃபைலை (எவ்வளவு பெருசாக்கினாலும் பிசிறாத படம்) மறக்காம வாங்கி வச்சுக்கோங்க, வெறும் ஜேபெக்கோட ஃபிளெக்ஸ் கடைக்குப் போனா ஓரமெல்லாம் பிசிறு பிசிறாதான் வரும்.