அடீனா ஃப்ரீட்மனைப் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

அமெரிக்கப் பங்குச் சந்தை நிறுவனமான நாஸ்டாக்கின் தலைமைச் செயல் அதிகாரி அடீனா ஃப்ரீட்மனைப் பற்றி எழுதும் பலர் முதல் வரியிலேயே சறுக்கிவிடுகிறார்கள். ‘உலகில் பங்குச் சந்தையை நடத்திய முதல் பெண்’ என்று பட்டம் கட்டிவிடுகிறார்கள். அது தவறு. லண்டன் பங்குச் சந்தையை 2001 முதல் 2009 வரை நடத்தியவர் கிளாரா ஃபர்ஸ். அந்தச் சந்தையை எப்படியாவது வாங்கிவிட 2006-07இல் துடித்த நாஸ்டாக்கையே வெறுங்கையோடு திருப்பி அனுப்பியவர் அவர். இந்தியாவில் தேசியப் பங்குச் சந்தையின் தலைமைப் பொறுப்புக்கு 2013இலேயே சித்ரா ராமகிருஷ்ணா வந்துவிட்டார். ஃப்ரீட்மன் நாற்காலியில் அமர்ந்தது 2017 ஜனவரியில். அமெரிக்காவின் பெரிய பங்குச் சந்தை நிறுவனம் ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் பெண் என்று எழுதினால் போதும், அதுவே பெரிய விஷயம். அவருக்கு முன்னே நடந்தவர்களை மறைத்துவிட்டு அவரை உயர்த்த வேண்டியதில்லை.

2018இல் நியூயார்க் பங்குச் சந்தையின் தலைவரான ஸ்டேசி கன்னிங்ஹமோடும் இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்தச் சந்தைக்கு மேலே ஐசிஇ என்ற தாய் நிறுவனம் உண்டு. ஃப்ரீட்மன் நடத்துவது தாய் நிறுவனத்தையே.

அடுத்தது, எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற தவறு. எம்பிஏ முடித்த கையோடு 1993இல் நாஸ்டாக்கில் பயிற்சிப் பணியாளராக நுழைந்தார், உச்சிக்குப் போனார் என்று இரண்டே வரியில் கதையை முடித்துவிடுகிறார்கள். நடுவில் அவர் வெளியேறியது எங்கே போயிற்று? நாஸ்டாக்கின் தலைமை நிதி அதிகாரியாக இருந்தவர், 2011இல் அந்த வேலையை விட்டு கார்லைல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு அதே பொறுப்பில் போனார். மறு ஆண்டே கார்லைல் பங்கு வெளியிட்டு நாஸ்டாக்கில் பட்டியலானது, அதாவது அதன் பங்கை அங்கே வாங்கி விற்க வழி வந்தது. அதுவரை கம்பெனிகளைப் பட்டியலிட அழைக்கும் பக்கத்தில் இருந்தவர், பட்டியலாகப் போகும் கம்பெனியின் கணக்கைச் சுமக்கும் பக்கத்தில் நின்றார். 2014இல் நாஸ்டாக் அவரைத் தலைமைச் செயல் அதிகாரிக்குக் கீழே உள்ள தலைவர்களில் ஒருவராக மறுபடி அழைத்துக்கொண்டது. இந்த மூன்று ஆண்டுகளை விட்டுவிட்டு, ‘ஒரே இடத்தில் பொறுமையாக இருந்தால் பதவி தேடி வரும்’ என்று வேலைக்குப் போகும் பெண்களுக்குச் சொல்வது அவர்களை ஏமாற்றுவதுதான்.

அவர் வளர்ந்த பிரிவையும் பலர் கவனிப்பதில்லை. பங்குச் சந்தை என்றால் வாங்கி விற்பவர்களிடம் கட்டணம் வசூலிக்கும் இடம் என்றே நினைக்கிறோம். ஃப்ரீட்மன் ஆரம்ப ஆண்டுகளிலேயே தரவுப் பிரிவை நடத்தினார். ஒரு பங்கை என்ன விலைக்குக் கேட்கிறார்கள், என்ன விலைக்குக் கொடுக்கிறார்கள் என்பது நொடிக்கு நொடி மாறும். அந்த விவரத்தை உடனுக்குடன் பெறத் தரகு நிறுவனங்கள் சந்தைக்குப் பணம் கட்டுகின்றன. இந்த வியாபாரத்தின் ருசி தெரிந்தவர் தலைமைச் செயல் அதிகாரியானதும் மென்பொருள் பக்கம் சாய்ந்ததில் ஆச்சரியமில்லை. கறுப்புப் பணப் புழக்கத்தைக் கண்டுபிடிக்க வங்கிகளுக்கு உதவும் வெராஃபின் நிறுவனத்தை 275 கோடி டாலருக்கு வாங்கினார். 2023இல் வங்கிகளுக்கு மென்பொருள் தரும் அடென்சாவை 1,050 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டார். பெயர் ஒத்துப்போவதைப் பார்த்து அடென்சா அவர் தொடங்கிய நிறுவனம் என்று எழுதிவிடாதீர்கள். கலிப்ஸோ, ஆக்ஸியம் எஸ்எல் என்ற இரண்டு நிறுவனங்கள் இணைந்து உருவானது அது.

கட்டுரைக்குப் படம் தேடும்போதும் கவனம் வேண்டும். கோட்டுப் போட்டவர்கள் கையைத் தூக்கிக் கத்தும் தளம் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குக் கிடையாது. 1971இல் பிறந்தபோதே அது விலைகளை மின்னணுத் திரையில் காட்டிய சந்தை. காலையில் வர்த்தகம் தொடங்க மணி அடிக்கும் நிகழ்ச்சி நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் உள்ள அதன் ஸ்டூடியோவில் நடக்கிறது. அந்தப் படத்தைப் போடுங்கள்.