பழைய அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி? விக்டர் பெர்கரை வைத்து ஒரு செய்முறை

நூறு வருடத்துக்கு முந்தைய ஓர் அமெரிக்க அரசியல்வாதியைப் பற்றி எழுத உட்கார்ந்தால், கை தானாக ‘பிறந்தார், படித்தார்’ என்று ஆரம்பித்துவிடும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்; இரண்டாம் பத்தியிலேயே எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. பதவிக் காலத்திலிருந்து தொடங்கிப் பாருங்கள். மில்வாக்கி நகரத்து சோஷலிஸ்ட் விக்டர் பெர்கரை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

நமக்குக் காங்கிரஸ் என்றால் கட்சி. அங்கே அது நாடாளுமன்றம். பிரதிநிதிகள் சபை, செனட் என்று அதில் இரண்டு அவைகள். பெர்கர் இருந்தது பிரதிநிதிகள் சபையில். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், வாசகர் குழம்பமாட்டார்.

படி 1: ஆண்டுகளை மட்டும் எடுங்கள்

உறுப்பினர்கள் எல்லோருக்கும் அமெரிக்கக் காங்கிரஸே ஒரு வாழ்க்கைக் குறிப்பு அகராதியை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. உப்புச்சப்பில்லாத நடைதான், ஆனால் தேதிகள் கிடைக்கும். பெர்கருக்கு:

1911–1913
1923–1929

நடுவில் பத்து வருடம் காணோம். அங்கேதான் கதை இருக்கிறது. ஆனால் அதற்கு முன்…

படி 2: தேதியில் வழுக்காதீர்கள்

பெர்கர் ஜெயித்தது 1910 நவம்பரில். பதவிக் காலம் தொடங்கியது 1911 மார்ச் 4-இல். அன்றைய முறை அது. ஜனவரி 3 என்ற இப்போதைய தேதியைக் கொண்டுவந்தது 1933-இல் ஏற்கப்பட்ட, அரசியலமைப்பின் 20-ஆவது திருத்தம். எத்தனையாவது காங்கிரஸ் என்று தெரிய, தொடங்கிய ஆண்டில் 1789-ஐக் கழித்து, பாதியாக்கி, ஒன்று கூட்டுங்கள். 1911 என்றால் 122, அதில் பாதி 61, கூட்டினால் 62-ஆவது காங்கிரஸ்.

படி 3: இடைவெளியைத் தோண்டுங்கள்

1912 தேர்தலில் தோற்றார். அது சாதாரண விஷயம். அடுத்து வருவதுதான் சாதாரணமில்லை. முதல் உலகப் போரை எதிர்த்துத் தன் ‘மில்வாக்கி லீடர்’ நாளிதழில் எழுதியதற்காக உளவுச் சட்டத்தில் (போர் முயற்சிக்கு எதிரான எழுத்தையும் தண்டித்த போர்க்காலச் சட்டம்) வழக்கு. வழக்கு நிலுவையில் இருக்கும்போதே 1918 நவம்பரில் மக்கள் அவரை ஜெயிக்க வைத்தார்கள். 1919 பிப்ரவரியில் நீதிபதி லேண்டிஸ் 20 வருடச் சிறைத்தண்டனை விதித்தார். (இதே லேண்டிஸ்தான் பின்னால் பேஸ்பால் ஆணையர் ஆனார்.) மேல்முறையீடு செய்து பெர்கர் ஜாமீனில் வெளியே இருந்தார். நவம்பரில் சபை அவரை உட்கார விடவில்லை. அவர் பக்கம் விழுந்தது ஒரே ஓர் ஓட்டு. டிசம்பரில் இடைத்தேர்தல் வைத்தார்கள். மறுபடியும் பெர்கரே ஜெயித்தார். 1920 ஜனவரியில் சபை மறுபடியும் கதவைச் சாத்தியது. அந்தப் பதவிக் காலம் முடியும்வரை நாற்காலி காலி!

1921 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. பெர்கர் எழுதியதில் தப்பில்லை என்று அது சொன்னதாக எழுதிவிடாதீர்கள். பெர்கர் போன்ற ஜெர்மானிய வம்சத்தவர்மீது லேண்டிஸுக்குக் காழ்ப்பு இருப்பதாக பெர்கர் தரப்பு பிரமாண வாக்குமூலம் கொடுத்த பிறகு, லேண்டிஸ் விசாரணையிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பதே தீர்ப்பு. ஐந்து வாரம் கழித்து, போர்க் காலத்தில் அஞ்சல் துறை ‘மில்வாக்கி லீடர்’ நாளிதழின் சலுகை அஞ்சல் கட்டணத்தைப் பறித்தது செல்லும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. இரண்டையும் அடுத்தடுத்து எழுதுங்கள்.

படி 4: பிறப்பும் வேலையும்

இப்போது பிறப்புக்கு வரலாம். 1860, ஆஸ்திரியப் பேரரசு, 1878-இல் அமெரிக்கா, மில்வாக்கியில் பள்ளி ஆசிரியர், அப்புறம் பத்திரிகை ஆசிரியர். இதற்கு நாலு வரி போதும். சபையில் முதியோர் ஓய்வூதிய மசோதா கொண்டுவந்தார், செனட்டையே ஒழிக்கத் தீர்மானம் கொடுத்தார். இரண்டுமே நிறைவேறவில்லை. அதற்காக விட்டுவிடாதீர்கள், ஆள் எப்படிப்பட்டவர் என்று காட்டுவது இவைதான்.

படி 5: எதிராளியின் ஆண்டுகளையும் பக்கத்தில் வையுங்கள்

எனக்குப் பிடித்த படி இது. அதே தொகுதியில் பெர்கரோடு மோதிய ரிபப்ளிகன் கட்சி வில்லியம் ஸ்டாஃபோர்டின் பதவிக் காலங்கள்: 1903–1911, 1913–1919, 1921–1923, 1929–1933. பெர்கரின் ஆண்டுகளோடு சேர்த்தால் பல்சக்கரம் மாதிரி பொருந்துகிறது. சபை காலியாக வைத்த இரண்டு வருடம்தான் இடிக்கிறது. 1928-இல் பெர்கர் ஸ்டாஃபோர்டிடம் தோற்றார். அடுத்த ஜூலையில் மில்வாக்கி தெருவில் டிராம் மோதி, ஆகஸ்ட் 7-இல் இறந்தார். அப்போது அந்தத் தொகுதியின் உறுப்பினர் ஸ்டாஃபோர்ட்.