விஎம் இழுக்குதா? கோர் கூட்டுவதற்கு முன் ஒரு எண்ணைப் பாருங்கள்

வாளையார் தாண்டி, கஞ்சிக்கோடு பக்கம் சின்ன சர்வர் ரூம் பார்த்துக்கொள்ளும் நம்ம பசங்க கேட்பது பெரும்பாலும் இதுதான்: "அண்ணே, பில்லிங் விஎம் இழுக்குது, இன்னும் நாலு கோர் போட்டுரட்டா?" அவசரப்படாதீங்க. விஎம் என்பது ஹோஸ்ட் என்கிற நிஜ சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினி; அந்த ஹோஸ்ட்டின் பிராசஸர் கோர்களுக்குப் பல விஎம்கள் போட்டி போடும் நெரிசல் ஏற்கெனவே இருந்தால் இன்னும் மோசமாக இழுக்கும்.

விஎம்களை ஓட்டுவது விஎம்வேர் மென்பொருள் என்றால், அதன் நிர்வாகத் திரையான விசென்டரில் 'சிபியு ரெடி' பாருங்கள். ஓடத் தயாராக இருந்தும் நிஜ கோர் கிடைக்காமல் விஎம் காத்துக்கிடந்த நேரம் அது. ரியல்டைம் சார்ட் 20 விநாடிக்கு ஒரு எண் தரும். 1000 மில்லிசெகண்ட் என்றால் 5 சதவீதம். மொத்த விஎம்முக்கான எண் என்றால் விசிபியு (விஎம்முக்குக் கொடுத்த மெய்நிகர் கோர்) எண்ணிக்கையால் வகுக்கணும், பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஒரு விசிபியுவுக்கு 5 தாண்டினால் கவனிங்க, 10 தாண்டினால் ஆட்கள் போன் போட ஆரம்பித்திருப்பார்கள். விஎம்வேருக்குப் பதில் கேவிஎம் என்ற மென்பொருளில் லினக்ஸ் விஎம் ஓடுகிறதா? உள்ளே 'டாப்' கட்டளை கொடுத்து 'எஸ்டி' (நிஜ கோருக்குக் காத்துக்கிடந்த நேரத்தின் சதவீதம்) பாருங்கள்.

ரெண்டு போதுமான விஎம்முக்கு எட்டு விசிபியு கொடுப்பது, ஓண சத்யைப் பந்தியில் எட்டுப் பேரும் கூடுமானவரை சேர்ந்தே உட்காருவோம் என்று நிற்கிற மாதிரி. குறைத்துப் பாருங்கள், நெரிசல் இருந்தால் வேகம் கூட வாய்ப்பு உண்டு.

ஷேர்ஸ், அதாவது எந்த விஎம்முக்கு எவ்வளவு முன்னுரிமை என்ற அமைப்பு, நெரிசல் வந்தால்தான் வேலை செய்யும். லோ, நார்மல், ஹை என்பது 1:2:4. ரிசர்வேஷன் (கட்டாயம் ஒதுக்கி வைக்கும் அளவு) டேட்டாபேஸுக்கு மட்டும் வையுங்கள். மெமரி லிமிட் (உச்சவரம்பு) பக்கம் போகவே வேண்டாம்: 16 ஜிபி கொடுத்து 8-இல் லிமிட் போட்டால், ஹோஸ்ட்டில் ரேம் சும்மா கிடந்தாலும் விஎம் ஸ்வாப்பில் (ரேமுக்குப் பதில் மெதுவான டிஸ்க்கில்) தவிக்கும்.