கரடுமுரடான தரையில் டெலிஹேண்ட்லரைத் திருப்புவது எப்படி?

கட்டுமானத் தளங்களில் ஓடும், நீண்டு சுருங்கும் தூக்குக் கை கொண்ட டெலிஹேண்ட்லர் வகை ஃபோர்க்லிஃப்ட்களில் பெரும்பாலானவற்றுக்கு மூன்று ஸ்டீயரிங் முறைகள் உண்டு. சாலையில் செல்லும்போது முன்சக்கரங்கள் மட்டும் திரும்பும் முறையே போதும். செங்கல் அடுக்குகளுக்கு இடையே இடம் குறுகும்போது, முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் எதிரெதிர்த் திசையில் திரும்பும் முறைக்கு மாற்றினால் வளைவு வெகுவாகச் சுருங்கும். ஆனால் வண்டியின் பின்புறம் வெளிப்பக்கமாக வீசும் என்பதால், அங்கே ஆள் நிற்கவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். நான்கு சக்கரங்களும் ஒரே பக்கம் திரும்பும் நண்டு நடை, சுவரை ஒட்டி வண்டியைச் சேர்ப்பதற்கு உதவும்.

முறையை மாற்றுவதற்கு முன் வண்டியை நிறுத்தி, பின்சக்கரங்களை முதலிலும் முன்சக்கரங்களை அடுத்தும் நேராக்குங்கள். பலர் அவசரத்தில் தவறுவது இங்கேதான்: பின்சக்கரம் சற்றே கோணலாக நின்றுவிட்டால், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருந்தாலும் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும்.

வண்டியின் சட்டகத்தைச் சமன்படுத்தும் லீவர் இருந்தால், கேபினில் உள்ள மட்டக் கருவியின் குமிழி நடுவில் நிற்கும்வரை சரிசெய்த பிறகே தூக்குக் கையை உயர்த்துங்கள். சுமை மேலே இருக்கும்போது அந்த லீவரைத் தொடவே கூடாது. சேற்றில் டிஃபரன்ஷியல் லாக்கை (இருபக்கச் சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழலவைக்கும் பூட்டு) போட்டிருந்தால், திரும்புவதற்கு முன் அதை விடுவித்துவிடுங்கள்.