கரு கலைந்த வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி

கரு கலைந்த வீட்டில் முதலில் எழும் கேள்வி, "என்னம்மா சாப்பிட்டே?" என்பதுதான். பப்பாளி, எள்ளு, மாடிப்படி, ஸ்கூட்டர் என்று விசாரணை நீளும். தெரியவந்த கர்ப்பங்களில் நூற்றுக்கு 10 முதல் 20 வரை தானாகவே கலைகின்றன, பெரும்பாலும் முதல் 12 வாரங்களுக்குள். அவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் குரோமோசோம் கோளாறு. கரு உருவானபோதே கணக்கு பிசகிவிட்டது. மாடி ஏறியதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அந்த நேரத்தில் தேட வேண்டியது அவளுடைய ரத்த வகைச் சீட்டை. நெகட்டிவ் வகை என்றால், 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி தேவையா என்று மருத்துவரிடம் கேட்டே ஆகவேண்டும். எத்தனை வாரக் கரு என்பதைப் பொறுத்து அவர் முடிவு செய்வார். குழந்தையின் பாசிட்டிவ் ரத்தம் துளி கலந்தாலும், தாயின் உடல் அதற்கு எதிர்ப்புப் பொருளை உருவாக்கி வைத்துக்கொள்ளலாம். அது தாக்கப்போவது அடுத்த குழந்தையை.

இன்னொரு அவசரம், ஒரே ஸ்கேனில் "துடிப்பு இல்லை" என்றதும் முடித்துவிடுவது. நாள் கணக்கு ஒரு வாரம் தவறியிருந்தால் நல்ல கருவும் அப்படித்தான் தெரியும். பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் உள்வழி ஸ்கேனில் கருவின் நீளம் 7 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால், குறைந்தது ஒரு வாரம் கழித்து மறு ஸ்கேன் எடுத்துத்தான் சொல்ல முடியும். ரிப்போர்ட்டில் அந்த அளவு இருக்கும், பாருங்கள்.

கலைந்தது உறுதியானால் உடனே "க்ளீன்" பண்ணித்தான் தீரவேண்டும் என்பதும் இல்லை. தானாக வெளியேறக் காத்திருக்கலாம், மாத்திரை எடுக்கலாம், உறிஞ்சி எடுக்கலாம். பெரும்பாலான பெண்களுக்கு மூன்றுமே பாதுகாப்பானவை, தேர்வு அவளுடையது. உறிஞ்சும் முறை இருக்கும்போது சுரண்டி எடுப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. ஆனால் மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். கரு கருக்குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை உதவாது, குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்தாகும். ஒரு பக்கமாக அடிவயிற்று வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல் என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

வீட்டில் காத்திருப்பவர்கள் "ரத்தம் போகத்தானே செய்யும்" என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். மணிக்கு இரண்டு பேடு வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தால், காய்ச்சல் வந்தால், துர்நாற்றம் அடித்தால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெளியேறிய சதையை முடிந்தால் சுத்தமான டப்பாவில் எடுத்துப்போங்கள், சங்கடமான வேலைதான். கருவுக்குப் பதில் நஞ்சுக்கொடித் திசு கொத்துக் கொத்தாக வளரும் முத்துப்பிள்ளை கர்ப்பமாக இருந்தால், அந்தச் சதையைப் பரிசோதிக்கும்போது தெரியும், அதற்குத் தொடர் கண்காணிப்பு வேண்டும்.

அப்புறம், இரண்டே வாரத்தில் மறுபடி கருமுட்டை வெளிவரலாம். மாதவிலக்கு வராமல் கரு தங்காது என்று நினைக்காதீர்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. கரு கலைந்தால் சம்பளத்தோடு ஆறு வார விடுப்பு என்பது 1961-ல் வந்த மகப்பேறு நலச் சட்டத்திலேயே சொல்லப்பட்ட உரிமை. சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனத்தில் மருத்துவச் சான்று கொடுத்தால் போதும். கூச்சப்பட்டு "வைரல் காய்ச்சல்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் பஸ் ஏறுகிறவர்கள் உண்டு.